என்னை அடித்தது அடைக்கலம்தான்

வைக்கோல் வியாபாரம் செய்கிறவன் மாட்டை நம்பலாம், மழையை நம்பக் கூடாது, சிநேகிதனை வைக்கோல்போருக்குப் பக்கத்திலேயே விடக் கூடாது. எனக்கு முதலில் துரோகம் செய்தவன் பெயர் அடைக்கலசாமி. மாதா கோயில் தெருக்காரன். என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தான், என்னோடு சேர்ந்தே படிப்பை நிறுத்தினான். நான் வைக்கோலுக்குப் போனேன். அவன் சென்னைக்குப் போய், சினிமாவில் ஹீரோக்களுக்குப் பதிலாக விழுகிறவன் ஆனான். ஹீரோ மாடியிலிருந்து குதித்தார் என்று நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். அதில் பாதிக் கைதட்டல் புது ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சேரவேண்டியது.

அவன் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. ஊரே அவனைப் பற்றி நல்லதாகப் பேசுகிறது. நானும் பேசுவேன். ஆனால் என் மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இல்லை. 'ச' வருகிற சொல்லைச் சொன்னால் விசில் வரும். என் மனைவி பெயர் சரோஜா. பஸ் கண்டக்டர் மாதிரி விசிலடித்துத்தான் இருபது வருடமாக அவளைக் கூப்பிடுகிறேன்.

உங்களிலும் சிநேகிதனால் பல்லோ, பேரோ, நிம்மதியோ போனவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எங்கள் ஊரிலும் அதைத்தான் செய்தார்கள்.

மூச்சு உள்ள வைக்கோல்

எங்கள் பக்கம் மிஷின் அறுப்பு புதிதாக வந்திருந்த சமயம். ஒரு சினிமா கம்பெனி வாய்க்கால் கரையில் வந்து இறங்கியது. அவர்களோடு அடைக்கலமும் வந்தான். பம்பு செட்டுக் கொட்டகையின் கூரையிலிருந்து அவன் விழ வேண்டும். சென்னையிலிருந்து வரவேண்டிய மெத்தை வரவில்லை. "எங்க ஊர்ல வைக்கோல் இருக்கு, அதைப் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு நேராக என் களத்துக்கு வந்தான். பதினைந்து வருடம் கழித்துப் பார்க்கிறோம். ஒரு 'நல்லா இருக்கியா' கிடையாது. பூவரச மரத்தில் ஏறி, என் போர் மேல் தொப்பென்று குதித்தான். முதல் போரிலிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தான். "இது மிஷின் வைக்கோல் மாப்ள. நொறுங்கிக் கிடக்கு. மூச்சே இல்லை." அடுத்த போரில் குதித்தான். அது சம்பா, கையறுப்பு, நீளத் தாள். உள்ளே போய் மெல்ல மேலே வந்தான். "இதுக்கு மூச்சு இருக்கு. இதான் வேணும்."

அன்றிலிருந்து, டெல்டாவில் எங்கே சண்டைக் காட்சி எடுத்தாலும் படுக்கை போடுகிறவன் நான். அடியில் சவுக்கு மிலாரை, அதாவது மெல்லிய கிளைக் குச்சிகளை, குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அதன் மேல் மிஷின் வைக்கோல், அதற்கும் மேல் கையறுப்பு என்று மூன்று அடுக்கு. ஷூட்டிங் முடிந்ததும் அதே வைக்கோலை உதறிக் கட்டி மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன். தப்புதான். முகப் பவுடரும் சிவப்புச் சாயமும் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் பால்காரம்மா தனபாக்கியத்துக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து என் வாசலில் போட்டார்.

"யோவ் வைக்கோல்காரரே, இதை என் மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பி என் மூஞ்சியைப் பாக்குதுய்யா. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

படுக்கை போட்டவன்தான் முதலில் விழணும்

இப்படி ஒரு வழக்கம் சண்டைக்காரர்களிடம் இருப்பதாக அடைக்கலம் முதல் நாளே சொன்னான். படுக்கை போட்டவன் அதில் முதலில் விழுந்து காட்ட வேண்டும், அப்போதுதான் மற்றவன் விழுவான், இல்லாவிட்டால் அது குற்றம் என்றான். தொழிலுக்கு ஒரு தர்மம் இருக்கிறது என்று நான் நம்பினேன். பம்பு செட்டுக் கூரையிலிருந்து விழுந்தேன். அப்புறம் ரைஸ் மில் மச்சிலிருந்து, லாரி மேலிருந்து, மதகுச் சுவரிலிருந்து. ஒருமுறை பாதித் தென்னை ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு, குலசாமி பெயரைச் சொல்லி விழுந்தேன். வீட்டில் சரோஜா இடுப்புக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம், "வழக்கம்டி, மீற முடியாது" என்பேன்.

ஐந்தாறு வருடம் போயிற்று. ஒரு நாள் வேறொரு கம்பெனியோடு வயதான சண்டை மாஸ்டர் ஒருவர் வந்திருந்தார். கல்யாண மண்டபத்து மொட்டை மாடியின் விளிம்பில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கீழேயிருந்து பார்த்துவிட்டார். "யாருங்க அது? இறங்குங்க, இறங்குங்க!" என்று ஓடிவந்தார். நான் வழக்கத்தைச் சொன்னேன். நாற்பது வருடத் தொழிலில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை என்றார். சுற்றி இருந்த சண்டைக்காரர்கள் எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

நான் நேராக அடைக்கலத்திடம் போய் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"நீ முதல்ல விழுவேன்னு தெரிஞ்சா, படுக்கையில ஒரு முள்ளு விடுவியா மாப்ள?"

புடவை

கதாநாயகிக்குப் பதிலாகவும் இவன்தான் விழுவான். ஆள் ஒல்லி, இடுப்பு சிறிசு. மீசையைத் துணியால் மறைத்துவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஒருமுறை வாழைத்தோப்பில் ஒரு ஷாட், அடுத்தது புது ஆற்றின் அந்தக் கரையில். நடுவில் கம்பெனி வேன் மக்கர் செய்துவிட்டது. அரக்குப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. அவிழ்த்துக் கட்ட நேரம் ஆகும் என்று அப்படியே என் மொபெட்டில் ஏறி ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டான்.

கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். "முந்தானையை இழுத்து மூஞ்சை மூடிக்க" என்றேன். மூடிக்கொண்டான். ஆனால் உரக்கடை வந்ததும் என் தோளில் தலையைச் சாய்த்தான். டீக்கடை வந்ததும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சொசைட்டி வாசலில் நின்றவர்களுக்குக் கையை வேறு ஆட்டினான். நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சரோஜா மூன்று நாள் பேசவில்லை. அடைக்கலம் என்று சொன்னால், "அந்த அண்ணன் பேரை ஏன் இழுக்கிறீங்க, பாவம்" என்றாள்.

நான்காம் நாள் அவனை இழுத்துக்கொண்டு போனேன். கைலியும் பனியனுமாக வந்து, "தங்கச்சி, அது நான்தான்" என்றான். அவள் நம்பவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவள் புடவையையே உருவி, கூடத்தில் நின்று, இரண்டு நிமிடத்தில் கட்டிக் காட்டினான். சரோஜா அவனைச் சுற்றி ஒரு முறை வந்து பார்த்தாள். நான் விடுதலைத் தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது கிடக்கட்டும்ணே. கொசுவம் எப்படிண்ணே இவ்வளவு சீரா வருது உங்களுக்கு?"

அந்த அறை

இப்போது என் பல்லுக்கு வருகிறேன். நெல் கொள்முதல் களத்தில் ஒரு பெரிய சண்டை. ஊரில் பாதிப் பேர் கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹீரோவுக்குப் பதிலாக அதே சிவப்புச் சட்டை, அதே தலைமுடி வைத்து அடைக்கலம். வில்லனின் ஆட்களில் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு. "மாப்ள, நீ நில்லு. ஒரே ஒரு அறை. வாங்கிட்டு விழணும், அவ்வளவுதான். விழத்தான் உனக்குத் தெரியுமே" என்றான். அவன் சொல்கிறதை மறுபடியும் கேட்டேன் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன்.

சினிமாவில் அறை என்பது இரண்டு விரற்கடை தள்ளித்தான் போகும். காமிரா அடிக்கிறவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவன் கையை வீசுவான். வாங்குகிறவன் கை போகிற திசையிலேயே முகத்தைத் திருப்ப வேண்டும். சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். எட்டு ஒத்திகை பார்த்தோம். எட்டிலும் நான் ஒழுங்காகத் திரும்பினேன். மாஸ்டரே தலையாட்டினார்.

ஒன்பதாவது, நிஜ ஷாட். அடைக்கலம் கையை வீசுகிறான். அந்த நேரம் பார்த்துக் கயிற்றுக்கு வெளியிலிருந்து தனபாக்கியத்தின் குரல். "யோவ் வைக்கோல்காரரே! மாடு பட்டினி கிடக்கு. என் ரெண்டு கட்டு எப்பய்யா வரும்?"

வியாபாரத்தில் ஊறின காது. வாடிக்கைக்காரர் குரல் வந்த பக்கம் தானாகத் திரும்பிவிட்டது. கை வருகிற பக்கமும் அதுதான். திரும்பினதோடு விட்டேனா, பதில் சொல்ல வாயையும் திறந்தேன். "நா..." என்றேன். "...ளைக்கு" வருவதற்குள் கை வந்துவிட்டது.

பல் எங்கே விழுந்தது என்று பார்க்க எனக்குக் கண் தெரியவில்லை. நெல் குவியலுக்குள் போயிருக்க வேண்டும். அடைக்கலம் முழங்காலில் விழுந்து நெல்லை அள்ளி அள்ளித் தேடினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் எனக்குத் தெரியாது. அந்த நெல் மில்லுக்குப் போய், அரிசியாகி, யார் வீட்டு உலையில் கொதித்ததோ. பழகின கை, கடைசி நொடியில் இழுத்திருக்கலாம் என்பது என் கட்சி. இருபது வருடமாக அதிலிருந்து நான் இறங்கவில்லை. டைரக்டர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார்.

"ஓகே, ஓகே! யாருய்யா அந்த ஆளு? இவ்வளவு நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

பட்டுக்கோட்டை தியேட்டரில்

அன்று சாயங்காலமே அடைக்கலம் வீட்டுக்கு வந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நின்றான். "மாப்ள, ஒண்ணு கேக்குறேன். அடிச்சது நான்னு யாருகிட்டயும் சொல்லாத. திரையில அடிக்கிறது ஹீரோ. நடுவுல நான்னு ஒருத்தன் இருந்ததே தெரியக் கூடாது. அதுதான் எங்க சோறு." இது மட்டும் அவன் கட்டிவிட்ட வழக்கம் இல்லை. விசாரித்துப் பார்த்தேன், நிஜம்தான். வாக்குக் கொடுத்தேன்.

படம் வந்ததும் ஊரே இரண்டு வேன் பிடித்துப் பட்டுக்கோட்டைக்குப் போனது. என் காட்சி வந்தது. சிவப்புச் சட்டையின் முதுகு. என் முகம் பெரிதாக. கை மெதுவாக வருகிறது. என் கன்னம் தண்ணீரில் கல் போட்டது மாதிரி அலையடிக்கிறது. வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று பறக்கிறது. அடுத்த நொடி ஹீரோ முகம், மீசையை முறுக்குகிறது. தியேட்டர் இடிந்துவிடும் போல விசில். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அடைக்கலம் உட்கார்ந்திருந்தான். தன் கையை, வேறொருத்தன் தலையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கைதட்டினான்.

அதற்கப்புறம் ஊரில் எனக்கு வந்த மரியாதையைக் கேளுங்கள். ஹீரோ கையால் அடி வாங்கினவர் என்று பேனர் வைத்தார்கள். பல் இல்லாத இடத்தைப் பார்க்க ஆள் வந்தது. நானும் யோக்கியன் இல்லை. கேட்காதவனிடமும் வாயைத் திறந்து காட்டினேன். என் பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் பல்லைத்தான் பார்த்தார். சம்பந்தம் முடிந்தது. ஆனால் ராத்திரி படுத்தால் நெஞ்சில் உறுத்தும். அடி என்னுடையது, கை அடைக்கலத்தினுடையது. நடுவில் யாரோ ஒரு மகராசன் மீசையை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். அடைக்கலத்திடம் சண்டைக்குப் போனேன். ஊருக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

"தொழிலை விட்டப்புறம் சொல்றேன் மாப்ள. நாலு பேரு கூடுற இடத்துல, மைக்கைப் பிடிச்சுச் சொல்றேன். மாதா மேல சத்தியம்."

திருக்கடையூர்

அவன் முட்டி தேய்ந்து தொழிலை விட்டு ஊரோடு வந்தான். எனக்கு அறுபது வந்தது. பிள்ளைகள் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்தார்கள். நாலு பேர் கூடுகிற இடம், மைக்கும் இருக்கிறது. ஒரு வாரம் முன்பே அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். "வந்து சொல்றேன்" என்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான்.

அங்கே ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடி உட்கார்ந்திருக்கும். என் பேரப்பிள்ளைகள் எங்கள் மேல் போட வேண்டிய அட்சதையை அவன் மேல் எறிந்தார்கள். அவ்வளவுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான், தூணில் மோதினான், இரண்டு சுற்றுச் சுற்றி மல்லாக்க விழுந்தான். குழந்தைகள் கத்தினார்கள். மறுபடி எறிந்தார்கள். மறுபடி செத்தான். பக்கத்து ஜோடியின் சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த ஜோடியும் பார்த்தது. எங்கள் தலையில் கலசத் தண்ணீர் ஊற்றும்போது யாருமே எங்களைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் என் மகன் மைக்கை வாங்கிக் கொடுத்தான். முதலில் சம்பந்தி பேசினார். தெரியாத ஊர்க்காரர்களையெல்லாம் கூட்டி நிறுத்தி, "எங்க சம்பந்தி லேசுப்பட்ட ஆள் இல்லீங்க. ஹீரோ கையால அறை வாங்கினவரு" என்றார். என் மாப்பிள்ளை, பேரன், பேத்தி எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள். அடுத்து மைக் அடைக்கலத்தின் கைக்கு வந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் என் பேரப்பிள்ளைகளைப் பார்த்தான். "மாப்ளையும் தங்கச்சியும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பல்லைத்தான், ஏன்டா என்றேன்.

"உன் விசேஷத்துல வந்து உன் பல்லோட மதிப்பை நான் ஏன் மாப்ள குறைக்கணும்? வேற நாள் சொல்றேன். நீ பாயசத்தை ஊத்திக்க."

ரேஷன் கடை வரிசை

வேற நாள், வேற நாள் என்று ஐந்து வருடம் ஓடிற்று. போன வருடம் ஒரு நாள் காலை, ரேஷன் கடை. எனக்குப் பின்னால் அவன். வரிசை நின்று போனதற்குக் காரணம் நான்தான். கைரேகை மிஷின் என் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. வைக்கோலைக் கையாண்டு கையாண்டு விரலில் ரேகையே கிடையாது. கட்டை விரலை வைத்தேன், ஆள்காட்டியை வைத்தேன், துடைத்து வைத்தேன். "மாப்ள, பல்லைக் காட்டு. அதை எல்லாருக்கும் தெரியும், ஏத்துக்கும்" என்று பின்னாலிருந்து சொன்னான். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம், திரும்பவில்லை.

தொப்பென்று சத்தம் கேட்டது. யாரோ கைதட்டினார்கள். அவன் எங்கே வரிசை நின்றாலும் ஒரு தடவை விழுந்து காட்டாமல் இருக்க மாட்டான். பஸ்ஸுக்கு நின்றால் விழுவான், பாங்கில் நின்றால் விழுவான். "எழுந்திரிங்கண்ணே, சீனி தீந்துடப்போவுது" என்றது ஒரு பெண். நான் விரலை மிஷினில் அழுத்திக்கொண்டே, "போதும்டா. முன்னால வர்றதுக்கு நடிக்கிறான், யாரும் இடம் விடாதீங்க" என்றேன். இதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் திரும்பினேன். விழுகிறவனுக்கு இருபது வருடம் படுக்கை போட்டவன் நான். அவன் விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டும், உள்ளங்கை இரண்டும் விரிந்து முதலில் தரையைத் தட்டும். அன்றைக்குத் தாடை ஒட்டவில்லை. கை விரியவில்லை. ஒரு கை கீழே மாட்டிக்கொண்டிருந்தது. அவன் அவ்வளவு மோசமாக விழுந்து நான் பார்த்ததே இல்லை. கடைக்காரத் தம்பி தராசை விட்டுவிட்டு ஓடிவந்து மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான்.

"பெரியவரே, இது நடிப்பு இல்லீங்க."

கடைசிப் படுக்கை

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை மேடும் பள்ளமும். டிராக்டரில்தான் சவப்பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். டிராக்டரின் டிரெய்லரில் நானே படுக்கை போட்டேன். சவுக்கு மிலார், மிஷின் வைக்கோல், மேலே கையறுப்புச் சம்பா. இப்போதெல்லாம் கையறுப்பு கிடைப்பதில்லை. இரண்டு ஊர் அலைந்து, கோயிலுக்கென்று ஒருவர் தனியாக அறுத்து வைத்திருந்ததைக் கேட்டு வாங்கிவந்தேன். பரப்பி முடித்ததும், யோசிக்காமல், ஏறி மல்லாக்க விழுந்துவிட்டேன். பழக்கம். முதுகில் ஏதாவது குத்துகிறதா என்று புரண்டு புரண்டு பார்த்தேன். ஒரு குச்சி இருந்தது, எடுத்துப் போட்டேன். கண்ணைத் திறந்தால், ஊரே அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடைக்கலத்தின் மனைவி லூர்துமேரி பக்கத்தில் வந்தாள். மெல்லிய குரலில் பேசினாள்.

"உங்க பல்லு போன அன்னிக்கு அவருக்கும் கை வீங்கிடுச்சுண்ணே. உங்க தாடை அப்படி. மூணு நாள் நான்தான் சோறு ஊட்டினேன். உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு கையைப் பின்னாலயே வச்சுக்கிட்டாரு."

மைக்

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும் மாதா கோயில் சாமியார், "யாராவது ரெண்டு வார்த்தை பேசுறதா இருந்தா பேசலாம்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் கூடுகிற இடம், மைக்கும் இருக்கிறது. அவன் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன் என்று வாங்கினேன்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். இருபது வருஷமா நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கிறது தப்பு. அந்தப் படத்துல என்னை அடிச்சது ஹீரோ இல்லை. அடைக்கலம். இந்தா, இங்க படுத்திருக்கிறானே, இவன் கை. அப்படி ஒரு அறையை எந்த ஹீரோவாலயும் கொடுக்க முடியாது" என்றேன். பல் இடுக்கு வழியாக விசில் வேறு வந்து மைக்கில் பெரிதாகக் கேட்டது.

கூட்டத்தின் நடுவிலிருந்து தனபாக்கியம், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "செத்தவரு மேல ஏன்யா பழி போடுறீங்க? நான் கயித்துக்கு இந்தப் பக்கம்தானே நின்னேன். செவப்புச் சட்டை, என் ரெண்டு கண்ணால பாத்தேன். அடிச்சது ஹீரோதான்" என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல் கேட்டது. துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று என் சம்பந்தியே மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. லூர்துமேரியைப் பார்த்தேன். "நீயாவது சொல்லும்மா" என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கடைசிவரைக்கும் அவரு வெளிய சொல்லாததை நான் எப்படிண்ணே சொல்றது?"

இருபது வருடம் குச்சி குத்தாமல் நான் படுக்கை போட்டுக் கொடுத்தவன், மைக்கைப் பிடித்துச் சொல்லவேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை எனக்குப் பாக்கி வைத்துவிட்டு, சொன்னால் என்னையே பொய்யன் என்கிற ஊரில் என்னை விட்டுவிட்டு, கையறுப்புச் சம்பாவில் சொகுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டான்.